காயங்களும் முதலுதவியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ காயங்களும் முதலுதவியும். இது கல்விக்குப் புறம்பான பொருள் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. எழுத்தும் எண்ணும் நெடுங்காலம் நமக்கு மறுக்கப்பட்டது போலவே, நம் உடம்பைப் பற்றிய அறிவும் நமக்கு எட்டாமலே வைக்கப்பட்டிருந்தது. கதிர் அறுப்பதும், கல் உடைப்பதும், தோல் பதனிடுவதும், தெருவையும் சாக்கடையையும் தூய்மை செய்வதும் நம் மக்களின் கைகள். உழைப்பவர் உடம்பில்தான் காயம் மிகுதியாக உண்டாகிறது. அக்காயத்தைப் பேணும் அறிவையும் அவர்களே பெற்றிருத்தல் வேண்டும். அவ்வறிவை நம் தெருக்களுக்குக் கொண்டு சேர்ப்பதும் கல்விப் பணியேயாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அவை. விபத்து நேர்ந்த இடத்தில் மருத்துவரும் இரார், மருந்தும் இராது. அடிபட்டவரும் அருகில் நிற்பவருமே இருப்பர். அந்த அருகில் நிற்பவர் ஆற்ற வேண்டிய கடமையே முதலுதவி. அது மருத்துவத்துக்கு மாற்று அன்று. மருத்துவரிடம் சேர்க்கும் வரையில் உயிரைக் காத்து, கேடு பெருகாமல் தடுக்கும் செயலாகும்.

தீட்டும் கிருமியும்

காயத்துக்கு உதவி செய்ய வேண்டுமானால் அடிபட்டவரைத் தொட்டாக வேண்டும். இதன் பொருளை நம் சமுதாயத்தைக் காட்டிலும் ஆழமாக அறிந்தவர் எவருமிலர்.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் தம் நூலில், 1929 ஆம் ஆண்டு 'யங் இந்தியா' இதழில் வெளியான ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். அதனை எழுதியவர் கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத வகுப்பு ஆசிரியர் ஒருவர். மகப்பேற்றுக்குப் பின் அவர் மனைவி நோயுற்றார். மருத்துவர் அவர்கள் குடியிருப்புக்குள் நுழைய மறுத்தார். தாயையும் சேயையும் வெளியே கொண்டுவந்த பின்னரும் தம் கையால் தொட மறுத்தார். வெப்பமானியை வேறொருவரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்து எடுத்து, வந்த வழியே திருப்பிக் கொடுத்தார். நோயாளியைத் தொட்டுப் பாராமலேயே மருத்துவம் நடந்தது. அப்பெண் இறந்து போனார். மருந்தும் மருத்துவரும் இருந்தும், தொடும் கை இல்லாமையால் நேர்ந்த சாவு அது.

அரசமைப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 இல் இயற்றப்பட்டு, 1976 இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்ட சட்டம், தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இவ்வுரிமையை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, தூய்மை என்பது யாது என்பதையும் அறிவியல் கண்கொண்டு காண்போம். ஐரோப்பாவில் வியன்னா நகரத்து மகப்பேற்று மருத்துவமனையில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பேறு பார்த்தனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தனர். கற்றறிந்த மருத்துவர்களின் பிரிவிலேதான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மிகுதியாக இறந்தனர். பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு அவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். 1847 இல் அனைவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென விதித்தார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது என்ன? பிறப்பினால் வருவதாகச் சொல்லப்பட்ட தீட்டு வெறுங்கற்பனை. கழுவாத கையில் இருக்கும் கிருமியோ உண்மை. அது எவர் கையிலும் இருக்கும். ஆகவே முதலுதவியின் தொடக்கம், உதவி செய்பவர் தம் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதேயாகும். கையுறை இருப்பின் அணிய வேண்டும். அதுவும் இல்லையேல் தூய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். பிறர் இரத்தத்தின் வழியே நோய் பரவாமல் நம்மையும் அது காக்கும்.

காயத்தின் வகைகள்

தோலே நம் உடம்பின் மதிற்சுவர். அச்சுவர் உடைந்தால் அது திறந்த காயம். சுவர் உடையாமலே உள்ளே சேதம் நேர்ந்தால் அது மூடிய காயம்.

மூடிய காயத்தை நம் மக்கள் ஊமைக் காயம் என்பர். கம்பால் அடிபட்டாலும், மூட்டை மேலே விழுந்தாலும் தோல் கிழியாமல் கன்றிப்போகும். துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ அதன்மேல் வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். ஆனால் தலையிலோ, மார்பிலோ, வயிற்றிலோ பட்ட ஊமைக் காயத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல், உடம்பு சில்லிட்டு வெளிறுதல் ஆகியவை தோன்றினால் உள்ளே இரத்தம் கசிகிறதென்று கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

திறந்த காயங்கள் பலவகைப்படும். தரையில் உராய்ந்து மேல்தோல் உரிவது சிராய்ப்பு. இதில் இரத்தம் குறைவு. ஆனால் மண்ணும் தூசியும் மிகுதியாக ஒட்டிக்கொள்ளும். கூரிய அரிவாளும் கண்ணாடியும் உண்டாக்குவது வெட்டுக் காயம். அதன் ஓரங்கள் நேராக இருக்கும். இரத்தம் பெருகி வரும். இயந்திரத்தில் சிக்கியும், கல்லில் மோதியும் தாறுமாறாகக் கிழிவது கிழிசல் காயம். இதில் சதை நசுங்கியிருப்பதால் சீழ் பிடிப்பது எளிது.

முள், ஆணி, ஊசி ஆகியவற்றால் நேர்வது குத்துக் காயம். வாய் சிறியது, ஆழம் பெரியது. இரத்தம் வெளியே வாராமையால் அற்பமாகத் தோன்றும். ஆனால் காற்றுப் புகாத அந்த ஆழத்திலேதான் ரணஜன்னிக் கிருமி செழித்து வளர்கிறது. குப்பை அள்ளும் நம் தோழர்கள் மருத்துவக் கழிவு ஊசியால் குத்துண்டால், அவ்விடத்தைப் பிதுக்காமலும் வாயால் உறிஞ்சாமலும், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று; 72 மணி நேரம் கடந்தால் அதனால் பயனில்லை.

கைவிரலோ பிற உறுப்போ துண்டிக்கப்படுவது மிகக் கொடிய காயம். துண்டான விரலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தூய ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி உள்ள மற்றொரு பைக்குள் வைத்து, அடிபட்டவருடனேயே கொண்டு செல்லுங்கள். விரல் பனிக்கட்டியை நேரே தொடலாகாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை மருத்துவத்துக்கென்றே தனித்துறை உண்டு. உழைப்பாளிக்குக் கையே முதல். அதனைக் காக்கும் வாய்ப்பை நம் அறியாமையால் இழந்துவிடலாகாது.

இரத்தப் பெருக்கை நிறுத்துதல்

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக்கூடும். ஆதலால் இரத்தம் பீறிடும்போது கழுவுவதற்கும் பிறவற்றிற்கும் முன்னதாக அதனை நிறுத்துவதே முதற்கடமை.

தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். 10 நிமிடமாவது விடாது அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகும். துணி நனைந்துவிட்டால் அதனை எடுக்காமல் அதன்மேல் மற்றொரு துணியை வைத்து, இன்னும் வலுவாக அழுத்துங்கள். அடிபட்டவரைப் படுக்க வையுங்கள். காயத்தில் கத்தியோ கம்பியோ குத்தி நின்றால் அதனைப் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக நின்று இரத்தத்தைத் தடுத்துக் கொண்டிருக்கும். அது அசையாதவாறு இருபுறமும் துணிச்சுருள் வைத்துக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வயிறு கிழிந்து குடல் வெளிவந்தால் உள்ளே தள்ளாமல் தூய ஈரத்துணியால் மூடுங்கள். குடிக்க எதுவும் கொடுக்கலாகாது.

கையிலோ காலிலோ எவ்வளவு அழுத்தியும் இரத்தம் நில்லாமல், உயிருக்கே இடர் என்னும் நிலையில் மட்டும் இறுக்குக் கட்டுப் போடலாம். காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின்மேல் அல்லாமல், அகலமான துணியைச் சுற்றி, ஒரு குச்சியை அதில் செருகி, இரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரையன்றி வேறெவரும் அதனை அவிழ்க்கலாகாது. கயிறும் கம்பியும் இதற்கு ஆகா. அவை சதையை அறுத்துவிடும்.

கழுவுதலும் ரணஜன்னியும்

சிறு காயங்களுக்கு நீரே தலைசிறந்த மருந்து. குடிக்கத்தக்க தூய நீரைக் காயத்தின்மேல் ஓடவிட்டு, மண்ணும் தூசியும் நீங்கும் வரை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பின்னர்த் தூய துணியால் கட்டுங்கள். துணி நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுங்கள்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், சாணம், மண், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் அப்பும் வழக்கம் நம்மிடையே நிலவி வந்துள்ளது. மருத்துவமனை எட்டாத காலத்தில் நம் முன்னோர் கையில் கிடைத்ததைக் கொண்டு உயிர் காக்க முயன்றனர். அவர்களைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் உண்மை தெரிந்த பின்னும் அவ்வழக்கத்தைத் தொடர்வது தகாது. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வாழ்வது. சாணத்தைக் காயத்தில் வைப்பது கிருமியை நாமே கொண்டுபோய் உள்ளே விடுவதற்கு ஒப்பாகும். பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளையும். அதன்பின் உயிர் காத்தல் அரிது.

தொப்புள்கொடி அறுத்த இடமும் ஒரு காயமே. கழுவாத அரிவாளால் அறுத்து, சாம்பலோ சாணமோ வைத்ததனால் பிறந்த சில நாளிலேயே மாண்ட பச்சிளங்குழந்தைகள் கணக்கிலடங்கா. கருவுற்ற தாய்மார்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டமையாலும், மருத்துவமனையில் பேறு பார்க்கும் பழக்கம் பரவியமையாலும் இந்நிலை மாறியது. 2015 இல் இந்தியா தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னியைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிய நாடாக உறுதி செய்யப்பட்டது. அறிவு தெருவுக்கு வந்தால் சாவு விலகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மக்கள் டி.டி. ஊசி என்று வழங்கும் தடுப்பூசியை இறுதியாக எப்போது போட்டுக்கொண்டோம் என்பதை ஒவ்வொருவரும் எழுதி வைத்தல் வேண்டும். அழுக்கான அல்லது ஆழமான காயம் பட்டபோது ஐந்து ஆண்டு கடந்திருந்தாலும், தூய சிறு காயமாயின் பத்து ஆண்டு கடந்திருந்தாலும், மீண்டும் ஊசி தேவைப்படும். காயம் சிவந்து, சூடேறி, வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சலும் கண்டால் மருத்துவரைக் காணாமல் இருக்கலாகாது.

கடிகளும் தீப்புண்களும்

நாய் கடித்தால் முதல் மருந்து சோப்பும் ஓடும் நீருமே. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாயும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று, குறித்த நாட்களிலெல்லாம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பல் பதிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். நாய் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடுதல் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தோர் மிக மிக அரியர். 1885 இல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தை இட்டார். 1907 இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. வயிற்றைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகளின் காலம் மறைந்துவிட்டது. இப்போது கையிலேயே போடுகின்றனர், அச்சத்துக்கு இடமில்லை.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்குவதும் தீங்கு பயப்பனவே. கடியுண்டவரை நடக்கவிடாமல், கை கால்களை அசைக்கவிடாமல், தேறுதல் கூறி, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே இந்நாட்டில் நஞ்சு முறிவு மருந்து ஆக்கப்படுகிறது. அந்நஞ்சை எடுத்து வழங்குவதற்காக 1978 இல் இருளர் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் அது பணியாற்றி வந்துள்ளது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் அறிவு நாட்டு மக்கள் அனைவரின் உயிரையும் காக்கும் என்பதற்கு அவர்களே சான்று.

தீப்புண்ணுக்கு உடனே வேண்டுவது குளிர்ந்த ஓடும் நீர். 20 நிமிடம் நீரில் காட்டுங்கள். பேனா மையும், இட்லி மாவும், பற்பசையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ஆடையைப் பிய்த்தெடுக்காதீர்கள். தூய துணியால் தளர மூடி மருத்துவரிடம் செல்லுங்கள்.

வலியில்லாத காயம்

காயங்களிலெல்லாம் ஏமாற்றுவது வலிக்காத காயம். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்று முன்னர்ப் பலரும் நம்பியிருந்தனர். 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், உணர்ச்சியற்ற கைகால்களில் மீண்டும் மீண்டும் படும் காயங்களைப் பேணாமையே அதற்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். நீரிழிவு முற்றியவர்களின் பாதங்களும் அவ்வாறே உணர்விழக்கின்றன. அத்தகையோர் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்வை மங்கியோர்க்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காலுக்குக் காப்பு செருப்பு. ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது என்னும் கொடுமையைப் பல சிற்றூர்களில் நம் முன்னோர் மீது சுமத்தினர். தோலைப் பதனிட்டு ஊராருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர்களின் கால்களில் முள் தைத்தது. செருப்பணிவது மானத்தைக் காப்பது, உயிரையும் காப்பது. அவ்வாறே தொழிலிடத்தில் கையுறையும் கால்மூடணியும் கேட்பது சலுகை அன்று, உரிமை. கேட்டுப் பெறுங்கள்.

உதவி செய்ய அஞ்ச வேண்டா

சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கு வரும் என்னும் அச்சம் இன்னும் நீங்கவில்லை. 2016 இல் உச்ச நீதிமன்றம் உதவி செய்வோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடுக்க இடமில்லை என்றது. பெயர் சொல்லுமாறும் அவரை வற்புறுத்தலாகாது. 2008 முதல் தமிழகத்தில் 108 என்னும் எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வருகிறது. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் வகை செய்தது. பணம் இல்லையே என்று காலம் தாழ்த்தி உயிரை இழக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே! இவ்வுரையைக் கேட்டுக் கலைந்து செல்வதால் பயனில்லை. தெருவுக்கொரு முதலுதவிப் பெட்டி வைப்போம். சோப்பு, தூய வெண்துணி, கட்டுத்துணி, கையுறை, கத்தரிக்கோல், ஒரு கைவிளக்கு, அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு இளைஞரும் இரண்டு தாய்மாரும் முறையாகப் பயிற்சி பெறட்டும். அவர்கள் பிறருக்குக் கற்பிக்கட்டும். சங்கத்தின் இரவுப் பாடசாலையில் மாதம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவோம். தடுப்பூசி போட்ட நாளைக் குடும்பந்தோறும் எழுதி வைக்கும் பணியை உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மேற்கொள்ளட்டும்.

நம் தெருவில் அடிபட்டவருக்கு மட்டுமன்று, ஊர்த்தெருவில் அடிபட்டவருக்கும் நம் கை நீள வேண்டும். எவர் காயம் என்று கேளாமல் கழுவிய கையோடு முதலில் ஓடிச் செல்பவர் நம் சங்கத்து இளைஞராக இருப்பாராயின், 25 ஆண்டுக் கல்விப் பணி பயன் தந்தது என்று நாம் மகிழ்வோம்.